எண்ணெய் கிளப் பொறுப்பாளருக்கு லிட்டருக்கு அரை பென்ஸ் கமிஷன்: கேட்பதா, விட்டுவிடுவதா?

நெல்லை நார்ஃபோக்:

வணக்கம். தொகை சின்னதுதான், ஆனால் மூன்று வாரமாக மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் நார்ஃபோக் பக்கம் ஒரு கிராமத்தில் ஆறு வருடமாக இருக்கிறோம். மனைவி நர்ஸ், நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். லண்டன் பக்கம் இருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்கும்: எங்கள் ஊருக்கு கேஸ் குழாய் கிடையாது. தோட்டத்து மூலையில் பச்சை நிறத்தில் 1,200 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் ஒன்று நிற்கிறது. அதில் கெரசின் நிரப்பி வைத்தால்தான் பாய்லர் ஓடும், வீடு சூடாகும், குளிக்க வெந்நீர் வரும். நம் ஊர் ரேஷன் கடையில் நீல நிறத்தில் ஊற்றுவார்களே, அந்த மண்ணெண்ணெய் வகைதான். டேங்கர் வந்து போன அன்று தோட்டத்தில் அந்த வாசனை அடித்தால் அம்மாவோடு கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றது ஞாபகம் வந்துவிடும்.

தனியாக வாங்கினால் விலை கூடும் என்று ஊரில் நாற்பது வீடுகள் சேர்ந்து ஒரு எண்ணெய் கிளப் வைத்திருக்கிறோம். கிளப் என்றால் அலுவலகம், பதிவு எதுவும் இல்லை. ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் மாதம் ஒருமுறை ஈமெயில் அனுப்புவார். யாருக்கு எத்தனை லிட்டர் வேண்டும் என்று செவ்வாய்க்கிழமைக்குள் சொல்ல வேண்டும், குறைந்தது 500. அவர் மொத்தத்தைக் கூட்டி மூன்று நான்கு கம்பெனிகளுக்கு போன் போட்டு, குறைந்த விலையை முடித்துவிட்டு எங்களுக்குச் சொல்வார். எல்லோருக்கும் ஒரே விலை. பணத்தை அவரவர் நேராகக் கம்பெனிக்குக் கட்டிவிடுவோம். அவருக்குச் சம்பளமும் இல்லை, சந்தாவும் இல்லை.

நவம்பர் ஆர்டரில் எனக்கு 700 லிட்டர், விலை வரி உட்பட 61.8 பென்ஸ் என்று மெயில் வந்தது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, நான் ஒரு கையில் கரண்டியோடு போனில் படித்துக்கொண்டிருந்தேன். கம்பெனிக்காரர் அனுப்பிய மெயிலை அவர் அப்படியே எங்களுக்குத் திருப்பிவிட்டிருந்தார். கீழே இழுத்துப் பார்த்தால் பழைய கடிதப் போக்குவரத்து முழுவதும் இருக்கிறது. அதில் ஒரு வரி: 'வழக்கம்போல லிட்டருக்கு அரை பென்ஸ் உங்கள் கணக்கில் வரவு வைத்துவிடுகிறோம்.' அந்த மாத ஆர்டர் மொத்தம் 13,400 லிட்டர். அப்படியானால் 67 பவுண்டு. 'வழக்கம்போல' என்ற வார்த்தையைத்தான் என்னால் விட முடியவில்லை. எத்தனை வருடமாக? நாற்பது வீட்டில் வேறு யாருக்கும் தெரியுமா? அன்றைக்கே பக்கத்து ஊரில் இருக்கும் மனைவியின் தோழி தனியாக போன் செய்து 60.9-க்கு வாங்கியிருக்கிறார் என்பதும் தெரியவந்தது. கூட்டாக வாங்கும் எங்களுக்கு எப்படிக் கூடுதல் விலை?

இவ்வளவும் இருந்தும் ஏன் தயங்குகிறேன் என்றால், நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில் டேங்க் வறண்டு பாய்லர் நின்றுவிட்டது. குழந்தைக்கு அப்போது எட்டு மாதம். இந்தப் பெரியவர்தான் ராத்திரி பத்து மணிக்கு இருபது லிட்டர் கேனோடு வந்து, மண்டியிட்டு உட்கார்ந்து, குழாயில் அடைத்திருந்த காற்றை வெளியேற்றி, பாய்லரை ஓட வைத்துவிட்டுப் போனார். காசு வாங்கவில்லை. ஊரில் வெளிநாட்டுக் குடும்பம் நாங்கள் ஒன்றுதான். நாற்பது வருடமாக அவரைத் தெரிந்தவர்கள் நடுவில் போய் நான் கணக்குக் கேட்டால் எப்படி இருக்கும் என்ற பயமும் இருக்கிறது.

இது தவறா, இல்லை ஊர் வழக்கமா? மற்ற கிளப்புகளில் எப்படி? கேட்பதாக இருந்தால் எப்படிக் கேட்பது?

கணக்குப்பிள்ளை எசெக்ஸ்:

முதலில் அந்த 60.9-ஐப் பார்த்துவிடுவோம். அது வரி சேர்த்த விலையா என்று தோழியிடம் கேளுங்கள். வீட்டு எண்ணெய்க்கு இங்கே 5 சதவீதம் வாட் உண்டு. போனில் விலை சொல்கிறவர்கள் பல பேர் வரி சேர்க்காமல்தான் சொல்வார்கள், பில் வரும்போதுதான் தெரியும். 60.9 வரி இல்லாத விலை என்றால் கையில் வருவது 63.9. அப்போது உங்கள் 61.8 நல்ல விலை. இதைச் சரிபார்க்காமல் பெரியவரிடம் போய்விடாதீர்கள், பேச்சு அந்த இடத்திலேயே உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும்.

அடுத்தது கமிஷன். உங்கள் 700 லிட்டருக்கு அது மூன்றரை பவுண்டு. அவர் செய்கிற வேலைக்கு நாற்பது வீடும் சந்தோஷமாகக் கொடுக்கக்கூடிய பணம்தான் அது. ஆனால் உங்களுக்காகப் பேரம் பேசப் போனவர் எதிர்ப்பக்கத்திடம் உங்களுக்குத் தெரியாமல் பணம் வாங்கக் கூடாது என்பது இங்கிலாந்துச் சட்டத்தில் ரொம்பப் பழைய விதி. தொகை சின்னதா பெரியதா என்று அந்த விதி பார்ப்பதில்லை. சமீபத்தில், கார் கடைக்காரர்கள் கடன் கம்பெனியிடம் வாங்கிய கமிஷன் பற்றிய வழக்கில் இதைப் பற்றி நிறையப் பேசினார்கள். 2025 ஆகஸ்ட் 1-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், கார் விற்கிற கடைக்காரர் தன் லாபத்துக்காக நிற்கிறவர், வாங்குபவருக்காக நிற்பதாக ஒப்புக்கொண்டவர் இல்லை, அதனால் அவரிடம் அந்தக் கடமையை எதிர்பார்க்க முடியாது என்றது. உங்கள் கிளப் பெரியவர் நிலை நேர் எதிரானது. அவர் எண்ணெய் விற்கவில்லை. 'உங்களுக்காக விலை கேட்டு வருகிறேன்' என்று சொல்லித்தான் போகிறார், அந்த நம்பிக்கையில்தான் நாற்பது வீடும் ஆர்டர் கொடுக்கிறது. நான் வக்கீல் இல்லை, யாரையும் கோர்ட்டுக்கு இழுக்கவும் சொல்லவில்லை. இது ஊர் வழக்கம் என்று விட்டுவிடுகிற விஷயம் இல்லை என்பதைச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். ஒரு கம்பெனி கமிஷன் தருகிறது, மற்ற மூன்று தருவதில்லை. நேர்மையான மனிதருக்கே கூட அந்த ஒரு கம்பெனிக்கு முதலில் போன் போடக் கை போகும். அவர் உங்களை ஏமாற்ற நினைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, நாளடைவில் மற்ற போன்கள் குறைந்துவிடும். கடைசி ஒரு வருடத்தில் எத்தனை முறை அதே கம்பெனியிடம் வாங்கியிருக்கிறீர்கள் என்று பழைய பில்களை எடுத்துப் பாருங்கள்.

இதில் நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. கேஸுக்கும் மின்சாரத்துக்கும் ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பின் கண்காணிப்பு உண்டு, 2019 ஜனவரியிலிருந்து விலை உச்சவரம்பும் உண்டு. எண்ணெய்க்கு இரண்டும் இல்லை. 2010 டிசம்பர் பனியில் விலை எகிறி, டேங்கர் வராமல் கிராமங்கள் தவித்த பிறகு, 2011-ல் அப்போதைய நியாய வணிக அலுவலகம் இந்தச் சந்தையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அதற்குப் பிறகும் விலைக்குக் கட்டுப்பாடு வரவில்லை. ஊர் ஊராக மக்கள் சேர்ந்து கேட்கிற விலைதான் இங்கே இருக்கிற ஒரே பிடி, அதில் நம்பிக்கை போய்விட்டால் கிளப்பே கலைந்துவிடும்.

கோவைக்காரன்:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ராத்திரி பத்து மணிக்குக் கேனோடு வந்த மனிதரிடம் மூன்றரை பவுண்டுக்குக் கணக்குக் கேட்பது என்ன நியாயம்? வருடம் முழுக்க அவர் போடுகிற போன் செலவுக்குக்கூட அது காணாது. அந்த மெயிலைப் பார்க்காதது மாதிரி இருந்துவிடுங்கள். நம் வீட்டுப் பெரியவர் என்றால் கேட்போமா?

முன்னாள் பொறுப்பாளர் ஹெர்ஃபோர்ட்ஷயர்:

நான் ஐந்து வருடம் எங்கள் ஊர் எண்ணெய் கிளப்பை நடத்தினேன். போன வருடம் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டேன். அதனால் அந்தப் பெரியவர் பக்கத்திலிருந்தும் சொல்கிறேன்.

வேலை பார்ப்பதற்குச் சுலபம் போலத் தெரியும். ஆனால் எண்ணெய் விலை காலையில் ஒன்று, மதியம் ஒன்று. கச்சா எண்ணெய் டாலரில் ஏறி இறங்குகிறது, அதற்கு மேல் பவுண்டு மதிப்பு ஒரு பக்கம் ஆடுகிறது. கம்பெனி கொடுக்கிற கொட்டேஷன் சில மணி நேரம்தான் நிற்கும். நாலு பேரிடம் கேட்டு, எழுதி, திரும்ப முதல் ஆளிடம் வந்தால் அவர் விலை மாறியிருக்கும். முடித்த மறுநாள் விலை ஒரு பென்ஸ் இறங்கினால் 'எனக்கு வேண்டாம்' என்று இரண்டு பேர் பின்வாங்குவார்கள். கம்பெனி நம் மொத்தத்தைப் பார்த்துத்தான் விலை கொடுத்தது, ஆள் குறைந்தால் மீதிப் பேருக்கும் அந்த விலை கிடைக்காமல் போகலாம். அதனால் நாங்கள் ஒரு விதி வைத்தோம்: விலை முடித்து மெயில் போனபின் யாரும் விலகக் கூடாது, விலகினால் அடுத்த மூன்று ஆர்டருக்கு இடம் இல்லை. கடுமையாகத் தெரியும், ஆனால் எல்லோரும் கை தூக்கி ஒத்துக்கொண்ட விதி.

என்னிடமும் ஒரு கம்பெனி கமிஷன் தருவதாகச் சொன்னது. அதே வாரம் ஊர் மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அதை விலையிலேயே கழித்துவிடச் சொல்லலாம் என்று முடிவாயிற்று, கம்பெனியும் மறுபேச்சு இல்லாமல் கழித்தது. அன்றைக்கு நான் சொல்லாமல் இருந்திருந்தால் ஆறு மாதம் கழித்துச் சொல்வது எவ்வளவு கஷ்டமாகியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. உங்கள் பெரியவருக்கும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். முதல் மாதம் சொல்லவில்லை, அப்புறம் சொல்ல வாய் வரவில்லை. கோவைக்காரன் சொல்வதில் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் பார்க்காதது மாதிரி இருப்பதுதான் பெரியவருக்குக் கெடுதல். நாளைக்கு வேறு ஒருவர் கண்ணில் பட்டு, அவர் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தால் அந்த மனிதர் வெளியே தலைகாட்ட முடியாது. நீங்கள் தனியாகப் போய்ச் சொல்வது அவரைக் காப்பாற்றுவது.

நாங்கள் ஒவ்வொரு ஆர்டருக்கும் அனுப்புகிற மெயிலில் மொத்த லிட்டர், எத்தனை கம்பெனியிடம் கேட்டோம், என்னென்ன விலை வந்தது, எதை எடுத்தோம், வரி சேர்ந்ததா இல்லையா, இவ்வளவும் இருக்கும். தோற்ற கம்பெனிகளின் பெயரைப் போட மாட்டோம், அவர்களுக்கு அது பிடிப்பதில்லை, அடுத்த முறை விலை சொல்லத் தயங்குவார்கள். பெயர் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் நோட்டு என் வீட்டில் இருந்தது, யாரும் வந்து புரட்டலாம். நம் ஊர் நியாய விலைக் கடை வாசலில் இருப்பும் விலையும் எழுதிய கரும்பலகை தொங்குமே, அந்த மாதிரி ஒரு பலகை போதும்.

ஆனால் எல்லாவற்றையும் எல்லோருக்கும் காட்டுவது நல்லதில்லை என்பதையும் அனுபவித்தே தெரிந்துகொண்டோம். ஆரம்பத்தில் யார் எத்தனை லிட்டர், எந்த நாள் டேங்கர் வருகிறது என்ற பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு குளிர்காலத்தில், டேங்கர் வந்து போன மூன்றாம் நாள், சாலையோரம் தனியாக இருக்கும் ஒரு வீட்டு டேங்கிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் லிட்டரை உறிஞ்சிக்கொண்டு போய்விட்டார்கள். பட்டியல் மூலமாகத்தான் தெரிந்ததா என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து விலையும் மொத்தமும் பொதுவில், வீட்டுக் கணக்கு பொறுப்பாளரிடம் மட்டும் என்று மாற்றிவிட்டோம்.

2022 மார்ச்சை மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். உக்ரைன் போர் தொடங்கியதும் விலை இரண்டே வாரத்தில் இரட்டிப்பையும் தாண்டிப் போனது. 2020 மே மாதத்தில் 30 பென்ஸுக்கும் கீழே வாங்கிய எண்ணெய், அப்போது லிட்டர் ஒரு பவுண்டுக்கு மேல். கம்பெனிகள் கொட்டேஷனே தரவில்லை. எங்களுக்கு வழக்கமாக விற்கிற கம்பெனிக்காரர் அடுத்த சுற்றில் பாதி அளவுதான் கொண்டுவர முடியும் என்றார். பாதியை யாருக்குக் கொடுப்பது? கேட்ட வரிசைப்படியா, எல்லோருக்கும் பாதிப் பாதியா? டேங்கில் யாருக்குக் குறைவோ அவர்களுக்கு முதலில் என்று முடிவெடுத்து, அளவுக்குச்சியை விட்டு எடுத்துப் படம் அனுப்பச் சொன்னோம். ஒருவர் டேங்க் பாதிக்கு மேல் இருந்தும் காலி என்று எழுதிவிட்டார். குழாயை இழுத்துக்கொண்டு போன டிரைவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு எனக்கு போன் செய்தார். அந்த 500 லிட்டர் அடுத்த தெருவில் ஆக்சிஜன் சிலிண்டரோடு இருக்கும் ஒரு அம்மாவுக்குப் போனது. பொய் சொன்னவர் இன்றுவரை என்னைப் பார்த்தால் பேசுவதில்லை. அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை.

யாழ் அன்ரிம்:

தம்பி, நான் வட அயர்லாந்திலிருந்து எழுதுகிறேன். இங்கே பாதிக்கு மேற்பட்ட வீடுகள் எண்ணெயில்தான் ஓடுகின்றன, நகரத்துக்குள்ளே வரிசை வீடுகளில்கூட பின்வளவில் டேங்க் இருக்கும். எண்ணெய் இல்லாமல் ஒரு வீடு குளிர்ந்துபோவது எப்படி இருக்கும் என்று நாங்கள் தினமும் காண்கிறோம்.

கமிஷன் கதையை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், அதை நீங்கள் அவரோடு நேரே கதைத்துத் தீர்க்கலாம். எனக்கு உங்கள் கடிதத்தில் குத்தியது வேறு இடம். 'குறைந்தது 500' என்று எழுதியிருக்கிறீர்கள். 61.8 பென்ஸ் என்றால் 500 லிட்டருக்கு 309 பவுண்டு. ஒரே தடவையில் அந்தக் காசை வைக்க முடியாத வீடு உங்கள் ஊரில் ஒன்றுமே இல்லையா? இருந்தால் அவர்கள் உங்கள் கிளப்பில் இல்லை, நாற்பது வீட்டுக்குக் கிடைக்கும் மலிவு விலை அவர்களுக்குக் கிடையாது. இங்கே அப்படிப்பட்டவர்கள் பெட்ரோல் நிலையத்தில் இருபது லிட்டர் கேனில் வாங்குவார்கள். ஒரு லிட்டருக்கு அவர்கள் கொடுக்கும் விலை டேங்கரில் வாங்குகிறவரை விட நிறையக் கூட. என் தெருவில் ஒரு வயதான ஐயா அந்தக் கேனைக் குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவார், இரண்டு நாளைக்கு ஒருமுறை. 2022-23 குளிர்காலத்தில் அரசு எண்ணெய் வீடுகளுக்கென்று 200 பவுண்டு கொடுத்தது, இங்கே மின்சாரத்துக்கான 400-ஓடு சேர்த்து 600 ஆக வந்தது. ஆனால் அந்த 200-க்கு அப்போதைய விலையில் 500 லிட்டர் வராது.

அதனால் இங்கே ஹவுசிங் எக்சிக்யூட்டிவ் என்ற அரசு வீட்டுவசதி அமைப்பின் ஆதரவோடு நடக்கும் எண்ணெய் கிளப்புகளில் 500-க்குக் குறைவாகவும் ஆர்டர் போடலாம். பல கவுன்சில்களில் 5 பவுண்டு எண்ணெய் முத்திரை விற்கிறார்கள். வாரம் ஒன்று இரண்டு என்று வாங்கி அட்டையில் ஒட்டி, சேர்ந்ததும் கம்பெனிக்குக் கொடுக்கலாம். நாங்கள் ஊரில் சீட்டுப் பிடித்த மாதிரித்தான்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது ஜாம் போத்தலில் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு, பஞ்சுத் திரி வைத்து, அந்த வெளிச்சத்தில்தான் நான் சோதனைக்குப் படித்தேன். கூட்டுறவுச் சங்கக்கடையில் ஒரு பங்கீட்டு அட்டைக்கு எவ்வளவு என்று எழுதிப் போட்டிருப்பார்கள். மனேஜரின் வீட்டுக்கும் அதே அளவுதான் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் மணிக்கணக்காக நின்றாலும் சண்டை வராது. உங்கள் பெரியவரோடு கதைக்கும்போது கமிஷனை மட்டும் கதைக்காமல் இதையும் கதையுங்கள். டேங்கர் எப்படியும் ஊருக்குள் வருகிறது, ஒன்றிரண்டு வீட்டுக்கு 250, 300 விட முடியுமா என்று கம்பெனியைக் கேட்கச் சொல்லுங்கள்.

கோவைக்காரன்:

அக்கா சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தேன். 500 லிட்டர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் ஒரு கேள்வி: 300 வாங்குகிறவருக்கும் 2,000 வாங்குகிறவருக்கும் ஒரே விலை என்றால் பெரிய ஆர்டர் போடுகிறவர் சும்மா இருப்பாரா?

முன்னாள் பொறுப்பாளர் ஹெர்ஃபோர்ட்ஷயர்:

இருக்க மாட்டார், எங்களிடமும் ஒரு பண்ணைக்காரர் கேட்டார். விலை குறைவது எண்ணெயால் இல்லை, லாரி ஓட்டத்தால். ஒரு டேங்கர் முப்பது மைல் வந்து ஒரு வீட்டில் ஊற்றிவிட்டுப் போவதற்கும், அதே தெருவில் பத்து வீட்டில் ஊற்றிவிட்டுப் போவதற்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு மலிவாக வருகிறது. ஒரு வீட்டில் குழாய் இழுத்து, ஊற்றி, சுருட்டுகிற நேரம் 500-க்கும் 2,000-க்கும் பெரிதாக மாறாது என்பதால், கணக்குப்படி பெரிய ஆர்டர்காரர் சின்ன ஆர்டர்காரருக்குக் கொஞ்சம் தாங்குகிறார். உண்மைதான், அதை மறைக்காமல் அவரிடமே சொன்னேன். ஆனால் தெருவில் அந்தச் சின்ன வீடுகள் இல்லாவிட்டால் லாரி அவருக்காக மட்டும் வர வேண்டும் என்பதையும் சொன்னேன். தனியாக இரண்டு இடத்தில் விலை கேட்டுப் பார்த்தார், அடுத்த மாதம் திரும்பி வந்துவிட்டார்.

பவேரியா கிராமத்தான்:

ஜெர்மனியில் இதற்கு 'ஸாமல்பெஷ்டெலுங்' என்று பெயர், பக்கத்து வீடுகள் சேர்ந்து போடுகிற ஆர்டர். இங்கே விலையை 100 லிட்டருக்குச் சொல்வார்கள். எத்தனை வீட்டில் இறக்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டுத்தான் விலை வரும், அதனால் லாரி நிற்கிற செலவு மறைந்து கிடப்பதில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி பில். லாரியில் இருக்கும் மீட்டர் அரசு முத்திரை போட்டது, எண்ணெய் 15 டிகிரி வெப்பநிலையில் எவ்வளவு இருக்குமோ அந்த அளவாகக் கணக்கிட்டு அச்சடித்த சீட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

விலகுகிற விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். விலை சந்தையில் ஏறி இறங்கினாலும் வீட்டுக்கு வாங்குகிறவர் இணையத்தில் போட்ட எண்ணெய் ஆர்டரைத் திரும்பப் பெறலாம் என்று 2015-ல் இங்கே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டேங்கில் ஊற்றிக் கலந்தபின் அந்த உரிமை கிடையாது. வாங்குகிறவருக்கு நல்ல தீர்ப்பு. ஆனால் கூட்டு ஆர்டரில் ஒருவர் இதைப் பயன்படுத்தினால் அடி பக்கத்து வீட்டுக்காரருக்கு. எங்கள் தெருவில் ஆர்டர் போடும் முன் இதை வாய்விட்டுப் பேசிக்கொள்வோம்.

நெல்லை நார்ஃபோக்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் தோழியிடம் கேட்டேன். கணக்குப்பிள்ளை சொன்னது சரி, 60.9 வரி இல்லாத விலைதான். பில்லில் 63.9 வந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போனதால் பெரியவரிடம் 'நல்ல விலைக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள்' என்று உண்மையாகவே சொல்லிப் பேச்சைத் தொடங்க முடிந்தது. பழைய பில்களையும் எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பத்து ஆர்டரில் ஒன்பது ஒரே கம்பெனி.

அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பேசினோம். மெயிலின் அந்த வரியைக் காட்டினேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, முகம் சிவந்துவிட்டது. கெட்டிலை எடுத்துத் தண்ணீர் பிடித்து சுவிட்சைப் போட்டார், அது கொதித்து அணையும் வரை முதுகைக் காட்டிக்கொண்டே நின்றார். அப்புறம் உட்கார்ந்து சொன்னார். நாலு வருடத்துக்கு முன்னால் கம்பெனியே தருவதாகச் சொன்னதாம். போனுக்கும் பெட்ரோலுக்கும் ஆகட்டும் என்று வாங்கிக்கொண்டாராம். எவ்வளவு வந்தது என்று எழுதி வைக்கவில்லை. மற்ற கம்பெனிகளுக்கு போன் போடுகிறீர்களா என்று கேட்டேன். போன குளிர்காலத்திலிருந்து ஒன்றே ஒன்றுக்குத்தான் என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அதே நேரம் நாற்பது வீடு நினைத்துக்கொண்டிருந்தது ஒன்று, நடந்தது வேறு. இரண்டையும் அவரிடம் சொன்னேன். சொல்லும்போது என் குரல் நடுங்கியது.

பத்து நாள் அவரிடமிருந்து மெயில் இல்லை. தெருவில் பார்த்தால் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார். ரொம்பக் கஷ்டமாக இருந்தது, மனைவியிடம் நான் கேட்டிருக்கவே கூடாதோ என்றும் சொன்னேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை அவரே வந்து கதவைத் தட்டினார். எல்லோருக்கும் தானே எழுதிவிட்டதாகச் சொன்னார். போனைத் திறந்து பார்த்தேன், நாலு வரிதான். கமிஷன் வாங்கியது, சொல்லாதது, இனி அதை விலையில் கழிக்கக் கம்பெனி ஒத்துக்கொண்டது, வேண்டுமானால் வேறு ஆளைப் போட்டுக்கொள்ளலாம் என்பது. முப்பது பேருக்கு மேல் 'நீங்களே இருங்கள்' என்று பதில் போட்டிருக்கிறார்கள். இரண்டு வீடு விலகிவிட்டது. ஒருவர் பழைய பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும் என்கிறார், அது இன்னும் முடியவில்லை.

யாழ் அக்கா சொன்னதையும் கேட்டோம். எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார், கிளப்பில் இல்லை. அவருக்கு இஷ்டம் இல்லை என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். 500 லிட்டருக்குப் பணம் இல்லை என்பதை மனைவி போய்க் கேட்டபோதுதான் சொன்னார். கம்பெனி ஒரு சுற்றில் இரண்டு வீட்டுக்கு மட்டும் 300 லிட்டர் விடச் சம்மதித்திருக்கிறது, அதே விலைக்கு.

புது ஆர்டர் மெயில் நேற்று வந்தது. மொத்தம் 11,200 லிட்டர். கேட்டது நான்கு கம்பெனி, இரண்டுக்கு அவர் போன் போட்டார், இரண்டுக்கு நான். வந்த விலை 62.9, 62.1, 63.4, நான்காவது பதில் இல்லை. எடுத்தது 62.1, வரி உட்பட. பொறுப்பாளருக்கு வரவு என்று ஒரு வரி போட்டு, எதிரில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறார். பாட்டி வீட்டு டேங்க் மூடி துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது, லாரி வருவதற்குள் நாளைக்கு நானும் அவரும் போய் அதைத் திறந்து வைக்க வேண்டும்.